அந்த மூன்றாவது படத்தைப் பாருங்கள்: கவுன்சிலின் தரிப்பிடப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலின் வாகனத் தரிப்பிடப் பிரிவுத் தலைவருக்கும், அந்தப் பிரிவின் கொள்கையைத் தீர்மானிக்கும் உறுப்பினர்களுக்கும்,

லண்டனில் என் கடை வாசலில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, என் வானுக்கு 130 பவுண் தரிப்பிட டிக்கெட் எழுதினீர்கள். அதை நீக்க மறுக்கும் உங்கள் இரண்டாவது கடிதம் மார்ச் 5ஆம் திகதி கடைக்கு வந்தது. கல்லாவில் நின்றபடியே பிரித்து வாசித்தேன். பொருட்களை இறக்கியதற்கு நான் எந்தச் சான்றும் தரவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஜனவரி 17ஆம் திகதி நான் அனுப்பிய ஆட்சேபத்துடன் ஐந்து இணைப்புகள் இருந்தன. ஐந்தும் கிடைத்தன என்று உங்கள் கணினி அன்று மாலையே எனக்குப் பதில் அனுப்பியது. கிடைத்தவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் வழக்கு. 130 பவுண் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதை ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதிவிட்டேன். இந்த மடலின் ஆங்கில வடிவமும் உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், இந்த வீதியில் உங்கள் டிக்கெட்டுகளை வாங்குகிறவர்களில் பலர் தமிழில் வாசிக்கிறவர்கள். உங்களுக்கும் எனக்கும் இடையில் நடப்பதை அவர்களும் அறிய வேண்டும்.

நடந்தது இதுதான். 2024 ஒக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி லேட்டனில் இருக்கிற நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்குப் போய் மரக்கறி எடுத்தேன். வரும் வழியில் மொத்த வியாபாரியிடம் 24 மூட்டை அரிசி ஏற்றினேன். ஒவ்வொன்றும் 20 கிலோ. காலை 10.34க்கு வானைக் கடை வாசலில், ஒற்றை மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தினேன். கடைக்குப் பின்வழி கிடையாது. என்னுடைய தள்ளுவண்டி ஒரு நடைக்கு நான்கு மூட்டை தாங்கும். ஆகவே ஆறு நடை. வழக்கமாக உதவிக்கு வருகிற பையனுக்கு அன்று காய்ச்சல். மனைவி கல்லாவில் நின்றாள்.

மூன்றாவது நடையில் ஒரு மூட்டையின் தையல் பிரிந்து, களஞ்சிய அறை முழுவதும் அரிசி கொட்டியது. அரிசியைக் காலில் மிதித்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போக என்னால் முடியாது. என்னை வளர்த்தவர்கள் அப்படி வளர்க்கவில்லை. கூட்டி அள்ளிக் கட்டினேன். ஆறேழு நிமிடம் போயிருக்கும். வெளியே வந்தபோது முன்கண்ணாடியில் உங்கள் டிக்கெட் ஒட்டியிருந்தது. அதிகாரி இரண்டு கடை தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன். நின்று கேட்டார். எழுதிய பிறகு தன்னால் அழிக்க முடியாது, கவுன்சிலுக்கு எழுதுங்கள், படங்கள் எடுத்திருக்கிறேன், அவர்கள் பார்ப்பார்கள் என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் நடந்து திரிகிற வேலை. திட்டு வாங்குகிற வேலை. 10.42 முதல் 10.47 வரை கவனித்ததாக டிக்கெட்டில் எழுதியிருக்கிறார். அந்த ஐந்து நிமிடமும் நான் வெளியே வரவில்லை என்பது உண்மை. ஆனால் பார்த்ததை அவர் படம் எடுத்துத் தந்திருக்கிறார். பார்க்க மறுத்தது அலுவலகத்து மேசை.

அந்தப் படங்கள் உங்கள் இணையத்தளத்திலேயே இருக்கின்றன. டிக்கெட் இலக்கத்தைக் கொடுத்தால் நான்கு படங்கள் வரும். முதலாவது வானின் முன்பக்கம். இரண்டாவது நேரப் பலகை: திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை. நான்காவது முன்கண்ணாடியில் டிக்கெட். மூன்றாவது படம் வானின் பின்பக்கம். இரண்டு கதவும் அகலத் திறந்திருக்கின்றன. உள்ளே அரிசி மூட்டைகள். என் கணக்கில் பன்னிரண்டு. வானின் விளிம்பிலிருந்து நடைபாதைக்கு இறக்கும் பலகை போட்டிருக்கிறது. படத்தின் இடது ஓரத்தில் கடைக் கதவு தெரிகிறது. அது சாத்திவிடாமல் நல்லெண்ணெய்த் தகரம் ஒன்று முட்டுக் கொடுத்திருக்கிறது. சாமான் இறக்காமல் வேறு ஏதோ காரணத்துக்காக வானை நிறுத்திய ஒருவன், லண்டன் நடுவீதியில், பின்கதவுகளைத் திறந்து போட்டுவிட்டா போவான்? அப்படித் திறந்து போட்டதற்காக அன்று மனைவியிடமும் ஏச்சு வாங்கினேன் என்பது வேறு கதை.

நான் அனுப்பிய ஐந்து இணைப்புகளில் ஒன்று இந்தப் படமேதான். மூட்டைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். மற்றவை, காலை 9.40 என்று நேரம் அச்சிட்ட அரிசிப் பற்றுச்சீட்டு, 10.41க்கும் 10.50க்கும் நான் தள்ளுவண்டியோடு கடைக்குள் நுழைவதைக் காட்டும், கடைக் கமராவின் இரண்டு படங்கள். வாசலில் இருக்கிற ஓரக்கல்லின் படம் ஒன்று.

ஓரக்கல் ஏன் என்றால், சட்டம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. மஞ்சள் கோடு காத்திருப்பதைத்தான் தடுக்கிறது, பொருட்களை ஏற்றி இறக்குவதை அல்ல. ஏற்றி இறக்கவும் தடை என்றால் ஓரக்கல்லின் மேல் குறுக்காக மஞ்சள் கீறு இருக்க வேண்டும். ஒரு கீறு என்றால் பலகையில் குறித்த நேரங்களில் தடை. இரண்டு கீறு என்றால் எந்நேரமும் தடை. எங்கள் வாசலில் ஒரு கீறும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் 40 நிமிடம் வரை ஏற்றி இறக்கலாம் என்று உங்கள் இணையத்தளமே சொல்கிறது. நான் நின்றது 10.58 வரை, 24 நிமிடம். இறக்குவது என்றால் வானிலிருந்து தூக்குகிற நொடி மட்டும் அல்ல. உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது, எண்ணிச் சரிபார்ப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அதில் அடங்கும் என்று லண்டனின் தரிப்பிடத் தீர்ப்பாளர்கள் பல வழக்குகளில் சொல்லிவிட்டார்கள். இது பதினைந்து வருடம் கடை நடத்துகிற எனக்குத் தெரிந்திருக்கிறது. டிக்கெட்டுகளைப் பரிசீலிப்பதையே தொழிலாகக் கொண்ட உங்கள் மேசைக்குத் தெரியாமல் இருக்காது.

இனி உங்கள் முதல் கடிதம். ஒக்டோபர் 21ஆம் திகதி நான் எழுதியதற்கு டிசெம்பர் 2ஆம் திகதி பதில் வந்தது. அதன் மூன்றாவது பந்தி, மாற்றுத்திறனாளிகளுக்குத் தரிப்பிடச் சலுகை தரும் நீல அட்டையை நான் வெளியே தெரியும்படி வைக்கவில்லை என்பதால் டிக்கெட்டை நீக்க முடியாது என்கிறது. என்னிடம் நீல அட்டை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. என் கடிதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. மூட்டை தூக்கித் தூக்கி இடது முழங்கால் நோகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நீல அட்டை தரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கோ எழுதிய மறுப்பை என் பெயருக்கு மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அப்படியானால் எனக்கு எழுதிய மறுப்பு, சக்கர நாற்காலியில் இருக்கிற யாருக்காவது போயிருக்குமோ என்று அன்று இரவு யோசித்தேன். அரிசி இறக்கியதற்குச் சான்று இல்லை என்று வாசித்துவிட்டு அவர் என்ன நினைத்திருப்பார்?

இரண்டாவது கடிதத்தில் நீல அட்டை இல்லை. அதற்கு நன்றி. ஆனால் அரிசியும் இல்லை, படமும் இல்லை, ஓரக்கல்லும் இல்லை. "உங்கள் கருத்துகளைக் கவனமாகப் பரிசீலித்தோம்" என்ற ஒரு வரி இருக்கிறது. எந்தக் கருத்தை என்று ஒரு சொல் இல்லை. 56 நாட்களுக்குள் நீங்கள் பதில் தராவிட்டால் டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும் என்பது சட்டம். 47ஆவது நாள் பதில் வந்துவிட்டது. நாள் எண்ணுவதில் இருக்கிற கவனம் இணைப்புகளைத் திறப்பதிலும் இருந்திருக்கலாம்.

பணத்தையும் பேசிவிடுகிறேன். 130 பவுண்; 14 நாட்களுக்குள் கட்டினால் 65. ஒரு மூட்டை அரிசியில் எனக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு பவுண். அன்று இறக்கிய 24 மூட்டையையும் விற்று வருகிற லாபம் முழுவதையும் எடுத்து வைத்தாலும் அந்தப் பாதித் தொகைக்கே காணாது. ஆனாலும் முதல் மறுப்போடு பாதிக் கட்டணத்துக்கு இன்னொரு 14 நாள் தந்தபோது, மனைவி உட்பட எல்லோரும் கட்டிவிடச் சொன்னார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னதுதான் சரி. தீர்ப்பாயம் வரை போய்த் தோற்றால் 130. இப்போதே தலையைக் குனிந்தால் 65. சரி பிழையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு நீங்கள் தருகிற விலைக்கழிவு அது. சோம்பேறித்தனமாக எழுதிய மறுப்புக் கடிதம்கூட இதனால் உங்களுக்கு வேலை செய்துவிடுகிறது. அதை வாசிக்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் மேலே போவார்கள் என்று உங்களிடம் கணக்கு இருக்கும்.

அடுத்த வீதியில் மீன் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். கடந்த இரண்டு வருடத்தில் நான்கு டிக்கெட். நான்கும் ஐஸ் பெட்டி இறக்கும்போது எழுதியவை. நான்கையும் மறுநாளே கட்டிவிட்டார். ஒன்றுக்காவது எழுதிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "அரசாங்கக் கடிதத்தோடு ஏன் தம்பி மல்லுக்கட்டுவான்? கட்டிவிட்டு நிம்மதியாக இரு" என்றார். அவருக்கு ஆங்கிலக் கடிதங்களை மகள்தான் வாசித்துச் சொல்வாள். இப்போது அவளும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இந்த நாட்டில் முப்பது வருடம் வரி கட்டிய மனிதர் அவர். முத்திரை போட்ட உறையைக் கண்டால் இன்றும் முகம் மாறிவிடும். நாங்கள் வந்த இடத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் நல்லதுக்கு வந்ததில்லை. காவலரணில் கேட்டதைக் காட்டிவிட்டுப் பேசாமல் நடந்து பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் உங்கள் வசூலில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அண்ணைக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் மன்னிக்க வேண்டும். இந்த டிக்கெட் குற்றத் தண்டனை அல்ல. லண்டனில் தொண்ணூறுகளிலேயே இந்த வேலை பொலிஸிடமிருந்து கவுன்சில்களின் கைக்கு மாறிவிட்டது. இப்போது இது 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் வருகிற குடியியல் கட்டணம். எதிர்த்து எழுதுவதால் உங்கள் பெயரில் குற்றப் பதிவு எதுவும் விழாது. கவுன்சில் மறுத்தால் லண்டன் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. செய்யக்கூடாத ஒன்று, கடிதத்தைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போடுவது. அப்படிப் போட்டால் கட்டணம் ஒன்றரை மடங்காகும்; என் 130 பவுண் 195 ஆகிவிடும். பிறகு நோர்த்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் பதிவாகி, வசூலிக்கிற ஆட்கள் வாசலுக்கு வருவார்கள்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். என் ஆட்சேபத்தைப் பற்றி எங்கள் தொகுதிக் கவுன்சிலரிடம் பேசினேன். தனிப்பட்ட டிக்கெட்டுகளில் தலையிட உறுப்பினர்களுக்கு அனுமதி இல்லை என்றார். அரசின் வழிகாட்டலும் அதையே சொல்கிறது. நியாயமும் அதுதான், இல்லாவிட்டால் கவுன்சிலருக்குத் தெரிந்தவனுக்கு ஒரு நீதி, தெரியாதவனுக்கு ஒரு நீதி என்றாகிவிடும். ஆனால் அதே வழிகாட்டல் இன்னும் சிலவற்றையும் சொல்கிறது. ஒவ்வொரு ஆட்சேபத்தையும் அதனதன் தகுதிப்படி, பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்க வேண்டும். வருமானம் திரட்டுவது இந்த அமலாக்கத்தின் நோக்கமாக இருக்கக்கூடாது. இத்தனை டிக்கெட் எழுத வேண்டும் என்று இலக்கு வைக்கக்கூடாது. இவற்றை உங்களுக்கு நினைவூட்ட வேண்டிய நிலை ஒரு பலசரக்குக் கடைக்காரனுக்கு வந்தது எனக்கும் சங்கடம்தான்.

பார்னெட் கவுன்சிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2011இல் குடியிருப்பாளர் தரிப்பிட அனுமதியை 40 பவுணிலிருந்து 100 பவுணாக உயர்த்தினார்கள். டேவிட் அட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர் உயர் நீதிமன்றம் போனார். 2013 ஜூலையில் அந்த உயர்வு சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டம் வரி வசூலிக்கிற சட்டம் அல்ல என்பதுதான் அதன் சாரம். நீங்கள் பணத்துக்காகத்தான் இதைச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் அதற்குச் சான்று இல்லை. சான்று இல்லாததை எழுதுவதும் சான்று இருக்கும்போது இல்லை என்று எழுதுவதும் ஒரே பிழைதான், அதை நான் செய்யமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மஞ்சள் கோட்டில் நான் வலிந்து போய் நிற்கவில்லை. 2021 வரை கடைக்கு நான்கு வாசல் தள்ளி ஏற்றி இறக்குவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. நடைபாதையை அகலமாக்கியபோது அதை எடுத்துவிட்டீர்கள். இப்போது அங்கே மரத் தொட்டிகளும் இரண்டு வாங்கும் இருக்கின்றன. வாங்கில் முதியவர்கள் வந்து இருக்கிறார்கள். நல்ல விடயம், அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அப்போது நடந்த கலந்துரையாடலில் எங்கள் வரிசையிலிருந்து ஏழு கடைக்காரர்கள் கையெழுத்திட்டு, இனிச் சாமானை எங்கே இறக்குவது என்று கேட்டோம். மஞ்சள் கோட்டில் இறக்கலாம், அதற்கு விலக்கு இருக்கிறது என்று உங்கள் அதிகாரி கூட்டத்தில் வாயால் சொன்னார். மூன்று வருடம் கழித்து அதே கோட்டில் டிக்கெட் எழுதுகிறீர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, ஒக்டோபர் 15ஆம் திகதி டிக்கெட்டை நீக்குங்கள். இரக்கத்துக்காக வேண்டாம், உங்கள் சொந்தப் படத்தில் இருப்பதற்காக நீக்குங்கள். நீக்க முடியாது என்றால், மூன்றாவது படத்தில் இருக்கிற மூட்டைகள் வானுக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒரு பந்தியில் எனக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, இனி எந்த மறுப்புக் கடிதமும், எழுதியவர் முன்வைத்த வாதத்தையும் அனுப்பிய சான்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று சொல்லாமல் வெளியே போகக்கூடாது. நீல அட்டைப் பந்தி என் கடிதத்துக்குள் எப்படி வந்தது, அதே வாரத்தில் வேறு எத்தனை பேருக்கு அப்படிப் போனது என்பதைக் கண்டுபிடித்து அவர்களுக்கும் எழுதுங்கள்.

மூன்றாவது, எங்கள் கடை வரிசையில் காலை ஏழு முதல் பதினொரு மணி வரையாவது ஏற்றி இறக்குவதற்கு ஓர் இடம் குறித்துத் தாருங்கள். ஒரு வான் நிற்கிற நீளம் போதும். மரத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே அந்த நீளம் இருக்கிறது, அளந்து வைத்திருக்கிறேன்.

நான்காவது, டிக்கெட்டோடு வருகிற தாளில், 14 நாட்களுக்குள் எதிர்த்து எழுதினால் பாதிக் கட்டணத்தை இழந்துவிட மாட்டீர்கள் என்று, இந்த வட்டாரத்தில் மக்கள் பேசுகிற மொழிகளில் ஒரு வரி போடுங்கள். தமிழ் வரியை நானே எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

தீர்ப்பாயத்துக்கான மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டேன். மகன் சரிபார்த்தும் தந்துவிட்டான். 28 நாள் அவகாசம் முடிவதற்குள், இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவேன். அதற்கு முன் உங்கள் பிரிவிலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால், செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்தரை மணிக்கு வான் அதே வாசலில், அதே கோட்டில் நிற்கும். பின்கதவு திறந்திருக்கும். நான் வெளியே தெரியாவிட்டால் எண்ணெய்த் தகரத்தைத் தாண்டி உள்ளே வாருங்கள். களஞ்சிய அறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் எல்லைக்குள் பதினைந்து வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிற ஒருவன்
2025 மார்ச்